மியாமி காண்டோ உரிமையாளர்கள் போர்டை எதிர்த்து அரசுக்குப் போனபோது: ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் புளோரிடாவில் சுமார் 15 லட்சம் காண்டோ வீடுகள், அதாவது கூட்டுக் கட்டடத்தில் தனித்தனியாக வாங்கிய வீடுகள், இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுக்கு 4 டாலர் மாநில அரசின் ஒழுங்குமுறைத் துறைக்குப் போகிறது. கட்டடத்தின் உரிமையாளர் எல்லோரும் சேர்ந்த சங்கமான அசோசியேஷன் வழியாகக் கட்டப்பட்டாலும் அது வீட்டுக்காரர் கொடுக்கும் பணம்தான். அந்த அசோசியேஷனை நடத்தும் நிர்வாகக் குழுவான போர்டு தவறு செய்தால் போய் முறையிட ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவே அந்தத் துறையும் அந்தக் கட்டணமும். 2016-இல் மியாமி-டேட் கவுண்டியின் காண்டோ உரிமையாளர்கள் பலர் அந்தக் கதவைத் தட்டினார்கள். உள்ளே போன புகார்களில் பல, எதுவும் நடக்காமலே மூடப்பட்டன. அங்கிருந்து தொடங்கிய போராட்டம் மாநிலச் சட்டத்தையே திரும்பத் திரும்பத் திருத்த வைத்தது. அது எப்படி நடந்தது, எவ்வளவு தூரம் பலித்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில், ஒரு காண்டோ போர்டுக்கு எவ்வளவு அதிகாரம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். காண்டோ வாங்குபவருக்குத் தன் வீட்டின் உட்பகுதி முழுச் சொந்தம். கூரை, லிஃப்ட், நீச்சல் குளம், தூண்கள், கார் நிறுத்துமிடம் எல்லாம் பிரிக்க முடியாத பங்காகக் கூட்டுச் சொந்தம். இந்தப் பொதுச் சொத்தைப் பார்த்துக்கொள்ள உரிமையாளர்களே தங்களுக்குள் ஒரு போர்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாதாமாதம் மெயின்டனன்ஸ் வசூலிப்பது, கான்ட்ராக்டரை நியமிப்பது, மேனேஜ்மென்ட் கம்பெனியை வைப்பது, எடுப்பது எல்லாம் அதன் கையில். பணம் போதாவிட்டால் சிறப்பு வசூல் போடலாம். கட்டாதவரின் வீட்டின் மேல் கடன் பாக்கிக்கான பற்றுரிமை பதிவு செய்து, வழக்குப் போட்டு, அந்த வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுவரவும் போர்டால் முடியும். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு தம்பதிக்கு, மேயரை விடவும் ஆளுநரை விடவும் அன்றாட வாழ்க்கையில் அதிகம் தலையிடக்கூடியவர்கள் அடுத்த தளத்தில் வசிக்கும் அந்த ஐந்தாறு பேர்தான்.

இந்த போர்டு உறுப்பினர்களில் பெரும்பாலோர் சம்பளம் இல்லாமல், மாலை நேரத்தைச் செலவழித்து, அண்டை வீட்டாரின் திட்டையும் வாங்கிக்கொண்டு வேலை செய்பவர்கள். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் நேர்மையான போர்டுக்கு என்று எழுதப்பட்ட விதிகளுக்குள் நேர்மையற்ற ஒரு போர்டு வந்து உட்கார்ந்தால் அதை அசைக்க என்ன வழி என்பதுதான் மியாமியில் எழுந்த கேள்வி.

மூன்று ஜன்னல்கள்

புளோரிடாவின் காண்டோமினியம் சட்டம், மாநிலச் சட்டத் தொகுப்பின் 718-ஆம் அத்தியாயம். அதை அமல்படுத்த வேண்டியது வணிக, தொழில்முறை ஒழுங்குமுறைத் துறையில் காண்டோக்களுக்கென்று இருக்கும் பிரிவு. 2008-இல் சட்டமன்றம் ஒரு திருத்தம் செய்தது. பில்டர் கையிலிருந்து கட்டடம் உரிமையாளர்கள் கைக்கு மாறிய பிறகு, மூன்றே விஷயங்களில்தான் இந்தப் பிரிவு புகாரை விசாரிக்கலாம் என்றானது: பணம், தேர்தல், பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை. கூட்டம் ஒழுங்காக நடத்தவில்லை, கூரை ஒழுகுகிறது, போர்டு தலைவரின் மைத்துனருக்கே கான்ட்ராக்ட் போகிறது என்று எழுதினால், எங்கள் அதிகார வரம்பில் இல்லை என்ற பதில்தான் வந்தது.

மூன்று ஜன்னல் போதாதா, முறைகேடு எல்லாமே கடைசியில் பணத்தில்தானே வந்து நிற்கும் என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். பணம் எங்கே போனது என்று சொல்ல வங்கி அறிக்கை வேண்டும். வங்கி அறிக்கை போர்டு கையில் இருக்கிறது. எழுத்தில் கேட்டால் 10 வேலை நாட்களுக்குள் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. காட்டாவிட்டால் 11-ஆவது வேலை நாளிலிருந்து நாளுக்கு 50 டாலர் வீதம் அதிகபட்சம் 10 நாள் வரை குறைந்தபட்ச இழப்பீடு கேட்கலாம். மொத்தம் 500 டாலர். பல லட்சம் டாலர் கணக்கை மறைக்க வேண்டியிருக்கும் ஒருவருக்கு 500 டாலர் ஒரு பொருட்டா? அதையும் அவர் தன் பையிலிருந்து கொடுக்கப் போவதில்லை. அசோசியேஷன் கொடுக்கும், அதாவது வழக்குப் போட்டவரும் சேர்ந்து கொடுப்பார்.

இந்த ஆய்வில் என்னை மிகவும் உறுத்தும் விஷயம் இதுதான். உரிமையாளர் வழக்குப் போட்டால் தன் வக்கீலுக்குத் தானே கட்டணம் கட்டுகிறார். எதிர்த்தரப்பில் போர்டுக்காக வாதாடும் வக்கீலுக்கும் அவர் கட்டிய மெயின்டனன்ஸிலிருந்துதான் பணம் போகிறது. தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் தலையில் விழலாம். அதனால்தான் நீதிமன்றத்துக்குப் போகாமலே தீர்வு கிடைக்க ஓர் அரசு அமைப்பு தேவைப்பட்டது. அந்த அமைப்பு கையை விரித்ததும் மக்கள் காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கே, இது சிவில் விவகாரம், நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றார்கள்.

உறையின் மேல் ஒரு கையெழுத்து

தேர்தல் விஷயத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மியாமி விவகாரம் பற்றிக்கொண்டது அங்கேதான்.

புளோரிடா காண்டோ தேர்தல் இரண்டு உறைகளால் ஆனது. தேர்தலுக்கு 60 நாள் முன்பு முதல் அறிவிப்பு வர வேண்டும். போட்டியிட விரும்புபவர் 40 நாள் முன்பாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அப்புறம் வாக்குச்சீட்டோடு இரண்டாவது அறிவிப்பு, தேர்தலுக்குக் குறைந்தது 14 நாள் முன்பு. வாக்காளர் சீட்டில் குறியிட்டு, எந்த அடையாளமும் இல்லாத உள் உறையில் போட்டு மூடுகிறார். அதை வெளி உறைக்குள் வைக்கிறார். வெளி உறையில் வீட்டு எண், பெயர், கையெழுத்து. தேர்தல் நாளில் உரிமையாளர்கள் முன்னிலையில் வெளி உறைகளைப் பட்டியலோடு சரிபார்த்துப் பிரித்து, உள் உறைகளை ஒன்றாகக் கலந்த பிறகுதான் எண்ணுவார்கள். போர்டு தேர்தலில் யாரும் யாருக்காகவும் ப்ராக்ஸி வாக்குப் போட முடியாது. தகுதியுள்ளவர்களில் 20 சதவீதம் பேராவது வாக்களித்தால்தான் தேர்தல் செல்லும்.

நன்றாக யோசித்து வகுத்த முறை. இதன் உயிர்நாடி அந்த வெளி உறைக் கையெழுத்து. மியாமியில் வீடு வாங்குபவர்களில் பலர் வேறு ஊரில், வேறு நாட்டில் இருப்பவர்கள். வாடகைக்கு விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தேர்தலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வராத ஒருவரின் பெயரில் வேறொருவர் உறையில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால், அந்த வீட்டுக்காரரே வந்து மறுக்கும் வரை யாருக்கும் தெரியாது. 20 சதவீதம் போதும் என்பதால் சில டஜன் உறைகளே ஒரு போர்டைத் தீர்மானித்துவிடும்.

சந்தேகப்பட்டவர்களுக்குக் காலமும் எதிரி. தேர்தல் முடிவு அறிவித்த 60 நாட்களுக்குள் அதை எதிர்த்து நடவடிக்கை தொடங்க வேண்டும். வாக்குச்சீட்டுகளையும் உறைகளையும் ஓராண்டு வைத்திருந்தால் போதும். கேட்டால் இழுத்தடித்து, கடிதத்துக்குக் கடிதம் எழுதிக் காலம் கடத்தினாலே கெடு முடிந்துவிடும். பதிவேடு பார்க்கும் உரிமைக்கும் தேர்தலை எதிர்க்கும் உரிமைக்கும் உள்ள தொடர்பு இதுதான்: முதலாவது கிடைக்காவிட்டால் இரண்டாவது ஏட்டில் மட்டுமே இருக்கும்.

2004 முதல் புளோரிடாவில் காண்டோக்களுக்கென்று ஆம்பட்ஸ்மன், அதாவது நடுநிலையான குறைதீர்ப்பாளர், ஒருவர் உண்டு. 15 சதவீத வாக்குரிமை உள்ளவர்களோ, 6 உரிமையாளர்களோ, இரண்டில் எது அதிகமோ அத்தனை பேர், தேர்தலுக்கு முன்பே மனு கொடுத்தால் அவர் தேர்தல் கண்காணிப்பாளரை அனுப்பலாம். செலவு அசோசியேஷனுடையது. போலி உறை பற்றிப் பின்னால் அலைவதை விட முன்னாலேயே ஆளை நிறுத்துவது எவ்வளவோ மேல். இப்படி ஒரு வசதி இருப்பதை எல்லா உரிமையாளரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கிராண்ட் ஜூரி உட்கார்ந்தபோது

2016-இல் மியாமியின் ஸ்பானிஷ் நாளேடான எல் நுவேவோ ஹெரால்டும் யூனிவிஷன் 23 தொலைக்காட்சியும் சேர்ந்து ஒரு புலனாய்வுத் தொடரை வெளியிட்டன. போலிக் கையெழுத்தோடு வந்த வாக்குகள், தில்லுமுல்லான டெண்டர்கள், சுயலாபம், மறைக்கப்பட்ட கணக்குகள் என்று பல குடியிருப்புகளின் புகார்கள் வெளியே வந்தன. அதுவரை ஒவ்வொரு கட்டடத்திலும் ஓரிருவர் தனியாகப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். புகார் கொடுப்பவரைக் கிறுக்கு, வம்பு பிடித்தவர் என்று போர்டு ஒதுக்கிவிட முடிந்தது. பத்துக் கட்டடங்களில் அதே புகார் அதே மாதிரி வந்தபோது அப்படி ஒதுக்க முடியவில்லை. உரிமையாளர்கள் திரண்டு பொதுவெளிக்கு வந்தார்கள்.

கவுண்டியின் அரசு தலைமை வழக்கறிஞர் கேத்தரின் ஃபெர்னாண்டஸ் ரண்டில் அலுவலகத்தின் வழியாக விஷயம், பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு விசாரிக்கும் குழுவான கிராண்ட் ஜூரியிடம் போனது. 2017 பிப்ரவரியில் அதன் அறிக்கை வெளியானது. காண்டோ உரிமையாளர்களின் உதவிக் குரலுக்குச் சட்டமன்றம் என்ன செய்ய வேண்டும் என்பதே அதன் பொருள். ஒழுங்குமுறைத் துறை புகார்களைக் கையாண்ட விதத்தை அறிக்கை கடுமையாக விமர்சித்தது. பதிவேடுகளைக் காட்ட மறுப்பதைக் குற்றமாக்க வேண்டும் என்றது. துறையின் புலனாய்வாளர்களுக்கு உண்மையான அதிகாரமும் பயிற்சியும் வேண்டும் என்றது.

பணமோசடி பற்றிய அறிக்கையில் பதிவேடு பற்றி இத்தனை பேச்சு ஏன் என்று யாராவது கேட்கலாம். ஜூரி நோயின் வேரைச் சரியாகப் பிடித்தது என்பது என் எண்ணம். கணக்கைத் திறந்து காட்டும் போர்டு திருடுவது கடினம். கணக்கை மூடி வைக்கும் போர்டு நேர்மையாக இருந்தாலும் அதை நிரூபிக்க வழியில்லை.

அதே ஆண்டு மியாமி பிரதிநிதிகளான ஹோசே ஃபெலிக்ஸ் டியாஸ், செனட்டர் ரெனே கார்சியா கொண்டுவந்த மசோதா நிறைவேறி, ஆளுநர் ரிக் ஸ்காட் கையெழுத்திட, 2017 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தது. வாக்கு உறையில் போலிக் கையெழுத்துப் போடுவது குற்றம் என்று காண்டோ சட்டத்திலேயே எழுதப்பட்டது. அசோசியேஷன் பெயரில் டெபிட் கார்டு வைத்துச் செலவு செய்வது தடை செய்யப்பட்டது. மேனேஜ்மென்ட் கம்பெனியின் வக்கீலையே அசோசியேஷனும் வைத்துக்கொள்ளக் கூடாது. 150 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் இருந்தால் இணையதளம் வைத்துப் பட்ஜெட்டையும் ஒப்பந்தங்களையும் உரிமையாளர்கள் பார்க்கும்படி போட வேண்டும். போர்டில் தொடர்ந்து உட்காருவதற்கு 8 ஆண்டு வரம்பு.

ஜூரி கேட்டதில் முக்கியமான ஒன்று மட்டும் முழுதாகக் கிடைக்கவில்லை. பதிவேடு காட்ட மறுப்பது, வேறொரு குற்றத்தை மறைக்கவோ நடத்தவோ செய்யப்பட்டால் மட்டுமே தண்டனைக்குரியது என்று சட்டம் நின்றுகொண்டது. குற்றத்தை நிரூபிக்கத்தான் பதிவேடு கேட்கிறோம். பதிவேடு மறுக்கப்பட்டதைக் குற்றமாக்கக் குற்றத்தை முதலில் நிரூபிக்க வேண்டும். இந்த வட்டத்துக்குள் உரிமையாளர்கள் மேலும் 7 ஆண்டுகள் சுற்றினார்கள்.

சர்ஃப்சைடு

2021 ஜூன் 24, பின்னிரவு. மியாமி கடற்கரையை ஒட்டிய சர்ஃப்சைடில் 136 வீடுகள் கொண்ட சாம்ப்ளெயின் டவர்ஸ் சவுத் இடிந்து விழுந்து 98 பேர் இறந்தார்கள். 2018-லேயே ஒரு பொறியாளர் கான்கிரீட் சேதம் பற்றி எழுதிக் கொடுத்திருந்தார். பழுதுபார்க்கச் சுமார் 1.5 கோடி டாலர் தேவைப்பட்டது. யார் எவ்வளவு கொடுப்பது, இத்தனை வேலை தேவைதானா என்று ஆண்டுக்கணக்கில் உள்ளுக்குள் சண்டை. 2019-இல் போர்டு உறுப்பினர்கள் பலர் வெறுத்துப்போய் விலகினார்கள்.

போர்டு என்றாலே வில்லன் என்று பார்ப்பவர்களுக்கு இந்தச் சம்பவம் கசப்பான பதில். இங்கே பழுதுபார்க்கப் பணம் திரட்ட முயன்ற போர்டை உரிமையாளர்கள் தடுத்ததும் உண்டு. புளோரிடாவில் உரிமையாளர்கள் வாக்களித்து, பிற்காலப் பெரிய பழுதுகளுக்கான கையிருப்பு நிதியைச் சேர்க்காமலே ஆண்டுதோறும் தள்ளிப்போட முடிந்தது. மெயின்டனன்ஸ் ஏறாது என்பதால் அது எல்லோருக்கும் பிடித்த முடிவாகவும் இருந்தது. ஒழுங்குமுறைத் துறையோ தூணின் பக்கமே வர முடியாதபடி மூன்று ஜன்னலுக்குள் நின்றது.

2022-இல் வந்த சட்டம் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மாடிகள் கொண்ட பழைய கட்டடங்களுக்குக் கட்டமைப்புச் சோதனையையும், கையிருப்பு நிதி எவ்வளவு வேண்டும் என்ற ஆய்வையும் கட்டாயமாக்கியது. முக்கியமான கட்டமைப்புப் பாகங்களுக்கான நிதியை வாக்களித்துத் தள்ளுபடி செய்யும் வழக்கத்துக்கு 2024 இறுதியோடு முற்றுப்புள்ளி வைத்தது. மெயின்டனன்ஸ் எகிறியது. கூடவே, எங்களிடம் வாங்கும் இவ்வளவு பணத்துக்குக் கணக்கு எங்கே என்ற கேள்வியும். கட்டாயமாகக் கொடுக்க வைத்தால் கட்டாயமாகக் காட்டவும் வைக்க வேண்டும் என்ற நியாயத்தை இதன் பிறகு சட்டமன்றத்தால் தட்ட முடியவில்லை.

ஜன்னல் அகன்றது

2024 ஜூலை 1 முதல் அமலான திருத்தத்தில் துறையின் அதிகார வரம்பு 2008-க்குப் பிறகு முதல் முறையாகப் பெரிதாக விரிந்தது. கூட்டம் நடத்தும் முறை, கோரம் (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை), போர்டு உறுப்பினரின் சுயலாப முரணை வெளிப்படுத்துவது, போர்டு உறுப்பினரை நீக்குவது, கட்டமைப்புச் சோதனையை முடிப்பது, உரிமையாளர் எழுதிய கேள்விக்குப் பதில் தராதது என்று இவை எல்லாவற்றுக்கும் இப்போது புகார் கொடுக்கலாம். 12 மாதத்துக்குள் இரண்டு முறையோ அதற்கு மேலோ தெரிந்தே, வேண்டுமென்றே பதிவேடு காட்ட மறுப்பது தனியாகவே குற்றமானது. வட்டம் உடைந்தது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒரு சாதாரண காகிதம். பதிவேடு கேட்டவருக்கு, எதை எல்லாம் காட்டினோம், எதைக் காட்டவில்லை என்று ஒரு பட்டியலையும் அசோசியேஷன் சேர்த்துத் தர வேண்டும். அதை 7 ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். முன்பெல்லாம் ஒரு பெட்டி நிறையத் தாள்களைத் தூக்கிப் போட்டு, எல்லாம் கொடுத்துவிட்டோம் என்பார்கள். எது இல்லை என்று கண்டுபிடிப்பது கேட்டவர் பாடு. இப்போது இல்லாததை இல்லை என்று எழுதித் தர வேண்டும்.

புகார் கொடுத்த உரிமையாளரைப் பழிவாங்குவதற்கும் தடை வந்தது. லஞ்சம் வாங்குவது கடுங்குற்றமானது. புதிய போர்டு உறுப்பினர்களுக்கு 4 மணி நேரப் பயிற்சி கட்டாயம். 25 வீடுகள் இருந்தாலே இணையதளம் வேண்டும் என்ற விதி 2026 தொடக்கத்திலிருந்து.

இருந்தும் ஒரு பெரிய ஓட்டை அப்படியே இருக்கிறது. மியாமிக்கு மேற்கே ஹேமக்ஸ் என்ற குடியிருப்பில் 5,000-க்கும் மேற்பட்ட வீடுகள். 2022 நவம்பரில் அதன் நிர்வாகிகள் சிலர், 20 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதானார்கள். நீதிமன்றம் நிர்வாகத்தை எடுத்து நடத்த ஒரு ரிசீவரை நியமித்தது. அது காண்டோ அல்ல. வீட்டு உரிமையாளர் சங்கம், 720-ஆம் அத்தியாயம். தேர்தல், போர்டைப் பதவியிலிருந்து திரும்ப அழைத்தல் சம்பந்தமான தகராறுகளைத் தவிர அதன்மேல் ஒழுங்குமுறைத் துறைக்கு அநேகமாக வேலையே இல்லை. ஹேமக்ஸுக்குப் பிறகு 2024-இல் அந்தச் சட்டமும் கடுமையாக்கப்பட்டது, ஆனால் புகாரை வாங்கி விசாரிக்க ஓர் அமைப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அடுத்தடுத்த தெருவில், ஒரே மாதிரி வசூல் கட்டும் இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்கு அரசு அலுவலகம் உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. இதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நிற்கும் புகார், விழும் புகார்

இத்தனை ஆண்டு அனுபவத்தில் புளோரிடாக்காரர்கள் கற்றது நடைமுறைக்கு உதவும். போர்டு ஊழல் பிடித்தது, தலைவர் சர்வாதிகாரி என்று நான்கு பக்கம் எழுதினால் அந்தப் புகார் விழுந்துவிடும். துறைக்கு வேண்டியது தேதியும் பிரிவு எண்ணும். உதாரணமாக: மார்ச் 3 அன்று சர்டிஃபைடு தபாலில், ஜனவரி வங்கி அறிக்கையையும் கூரை வேலைக்கு வந்த எல்லா ஏலங்களையும் கேட்டேன், தபால் போய்ச் சேர்ந்த ரசீது இதோ, 10 வேலை நாள் கடந்துவிட்டது, பதில் இல்லை. இப்படி எழுதினால் இரண்டே வாக்கியத்தில் விதிமீறல் நிரூபணமாகிவிடுகிறது. அதைத் தட்டிக்கழிக்க அதிகாரிக்கு வழியில்லை. பதிவேடு பார்க்கப் போகும்போது கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது.

கேள்வி கேட்பதற்கும் தனி வழி உண்டு. சர்டிஃபைடு தபாலில் எழுத்துக் கேள்வி போனால் 30 நாளுக்குள் போர்டு பதில் தர வேண்டும். புகார் வந்தால் துறையும் 30 நாளுக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, தன் வரம்புக்குள் வருமா என்று தெரிவிக்க வேண்டும். மீறலுக்கு ஒவ்வொன்றுக்கும் 5,000 டாலர் வரை அபராதம் போடலாம். அபராதம் அசோசியேஷன் மேல் விழுந்தால் மறுபடியும் உரிமையாளர் பைதான் என்பதை மறக்கக் கூடாது. தனிப்பட்ட உறுப்பினர் தெரிந்தே செய்திருந்தால் அவர் மேலேயே போடும் அதிகாரமும் உண்டு. புகார் எழுதும்போதே அதைக் கேட்பது நல்லது.

தேர்தல், போர்டைத் திரும்ப அழைப்பது போன்ற தகராறுகளுக்கு 50 டாலர் கட்டித் துறையின் நடுவரிடம் போகலாம். அவர் தீர்ப்பு இறுதியானதல்ல. தோற்றவர் 30 நாளுக்குள் நீதிமன்றத்தில் புதிதாக வழக்கை நடத்தலாம். பணபலம் உள்ள போர்டுக்கு இது தப்பிக்க ஒரு வழி. ஆனால் பாதிக்கு மேற்பட்ட வாக்குரிமையாளர்கள் எழுத்தில் கையெழுத்திட்டுத் திரும்ப அழைத்தால், 5 வேலை நாளுக்குள் போர்டு கூடியாக வேண்டும். கதவு கதவாகப் போய்ப் பாதிப் பேரிடம் கையெழுத்து வாங்குவது பெரும்பாடு. அதைச் செய்து முடித்த கட்டடங்களில் அதிகாரிக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் குறைந்துபோகிறது.

2017-இல் கொண்டுவந்த 8 ஆண்டு வரம்பு என்ன ஆயிற்று? எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று பெரிய குழப்பம். 2018 ஜூலை 1-க்குப் பிந்தைய பதவிக்காலத்தை மட்டுமே எண்ண வேண்டும் என்று 2021-இல் சட்டமன்றம் தெளிவாக்கியது. எனவே, இருபது ஆண்டாக ஒரே நாற்காலியில் இருப்பவர்களைக்கூட அந்த வரம்பு முதன்முதலாகத் தொடும் நாள் 2026 ஜூலை 1. பதிவான வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலோ, போட்டியிடப் போதிய ஆள் இல்லாவிட்டாலோ அவர் அப்போதும் தொடரலாம்.